மூன்றரை நட்சத்திரம்

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் எஸ்டேட் மேனேஜர் சோமையா போன் செய்தார். தேதியைப் பார்த்து, விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. மே 31-ஆம் தேதி என் குத்தகை முடிகிறது. அதற்குள் இணையத்தில் என் மைதானத்துக்கு மூன்றரை நட்சத்திரம் வராவிட்டால், இந்த நாலு ஏக்கரையும் கூடாரம் போட்டு வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட முதலாளி முடிவு செய்திருக்கிறாராம். இப்போது எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு புள்ளி ஒன்பது என்றார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்த்துச் சொல்கிறேன் என்று வேறு சொன்னார். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர் நான். இந்த மாசிலாமணிக்கு இப்போது வருகிறவன் போகிறவன் எல்லாம் மார்க் போடுகிறான்.

யார் இவர்கள்? ஏற்காட்டுக்கு வந்து, ஏரியில் படகு ஓட்டி, மிளகாய் பஜ்ஜி தின்று, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் என் கேட்டுக்கு வருகிறவர்கள். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் டிக்கெட், கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு இரும்புக் கூடைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சங்கிலிகள் தொங்கும். மேடையில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அடுத்த கூடை. குறைவான எறிதலில் பன்னிரண்டையும் முடித்தவர் ஜெயித்தவர். டிஸ்க் கோல்ஃப் என்றால் இவ்வளவுதான். இதில் புகார் எழுத என்ன இருக்கிறது?

மாலையில் என் மனைவி ஜெயசீலியை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். என்னிடம் இருப்பது பொத்தான் போன். அவள் போனில் எழுத்துகளை எறும்பு சைசுக்குப் போட்டிருக்கிறார்கள், மனிதன் படிப்பதற்கு அல்ல. அவள் படித்தாள்: "புல் முழங்கால் உயரம். நூற்றைம்பது ரூபாய் கொடுத்து அட்டைக்கடி வாங்கினோம்." இன்னொருவர்: "நான்காம் கூடையைத் தேடிப் பக்கத்துக் காபித் தோட்டத்துக்குள் போய்விட்டோம்." மூன்றாமவர்: "ஓனர் திட்டுகிறார்."

எல்லாருக்கும் பதில் சொல்லி எழுத வைத்தேன். முதலாமவருக்கு: அட்டை எங்கள் ஊழியர் அல்ல, அதன் நடத்தைக்கு நிர்வாகம் பொறுப்பாகாது. இரண்டாமவருக்கு: காபித் தோட்டத்துக்குத் தனியாக டிக்கெட் வாங்காததற்கு நன்றி சொல்லுங்கள். மூன்றாமவருக்கு: நான் திட்டவில்லை, என் குரலே அப்படித்தான்.

ஏப்ரல் 3, புதன்

புல்லை நானே நேரில் போய்ப் பார்த்தேன். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஒரே சீராக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 6, சனி

இந்த வருடம் மூடுபனி ஏப்ரலிலும் விடுவதாக இல்லை. பத்து மணிக்கும் வெளுக்கவில்லை. நல்ல வெயில் என்று சீலி சொல்கிறாள். அவள் சேலத்தில் பிறந்தவள், இதையெல்லாம் வெயில் என்பாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் டிக்கெட் வாங்காமல் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றான். நான்கு முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. கிட்டே போய்ச் சத்தம் போட்டேன். யாரோ காயப் போட்ட மழைக்கோட்டு. இப்படி ஆள் நிற்பதுபோல மழைக்கோட்டைத் தொங்கவிட்டால் யார்தான் ஏமாற மாட்டார்கள்?

ஏப்ரல் 9, செவ்வாய்

புதிதாக ஒருவன் கிளம்பியிருக்கிறான். பெயர் போடவில்லை. 'சேலம் பயணி' என்று மட்டும் போட்டிருக்கிறானாம். சீலி படித்தாள்: "ஆறாம் கூடைக்கு இறங்கும் படிகளில் மூன்றாவது கல் ஆடுகிறது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அந்தப் பெரியவர்."

பெரியவராம். எனக்கு அறுபத்து நாலு. இன்றைக்கும் இருபது தப்படி தூரத்திலிருந்து, சங்கிலிச் சத்தத்தை மட்டும் வைத்தே தட்டைக் கூடையில் போடுகிறேன். அவன் வந்து போடட்டும் பார்க்கலாம்.

மூன்றாவது கல் என்று எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னான்? சீலிகூடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் படியைப் பற்றி ஏதோ சொன்னாள். வீட்டில் ஆயிரம் பேசுவோம், அதையெல்லாம் குறித்துக்கொண்டா இருக்க முடியும்? இவன் ஊர் அறிய எழுதியிருக்கிறான். விடுவேனா?

ஏப்ரல் 10, புதன்

காலை ஆறு மணிக்கே மம்பட்டியும் சிமெண்டுமாகப் போய், மூன்றாவது கல்லைப் பெயர்த்தெடுத்து ஆடாமல் பதித்தேன். கூடவே நான்கையும் ஐந்தையும் பதித்துவிட்டேன், நாளைக்கு அதையும் எழுதுவான். சீலி காபியுடன் வந்து நின்று பார்த்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

மூன்று புள்ளி ஒன்று என்றார் சோமையா. குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

சேலம் பயணி மறுபடியும் எழுதியிருக்கிறான். நான்காம் கூடையின் சங்கிலிகளில் இரண்டு அறுந்து தொங்குகின்றனவாம். உண்மைதான், தொட்டுப் பார்த்தேன். டவுனுக்குப் போய்ப் புதுச் சங்கிலி வாங்கி வந்து மாட்டினேன். புல்லைப் பற்றியும் எழுதியிருந்தான். கம்பளத்தை என்ன வெட்டுவது என்று தோன்றினாலும், அவன் வாயை அடைப்பதற்காகவே மிஷினை எடுத்து நான்கு நாள் வெட்டினேன். தண்ணீர்க் குழாயை எவனோ புல்லுக்குள் மறைத்து வைத்திருந்தான், அதுவும் சேர்ந்து வெட்டுப்பட்டது. சீலியின் டேலியா பாத்தியும் போயிற்று. பாத்தி என்றால் எல்லை கட்டியிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 21, ஞாயிறு

இந்த டைரிக்காரன் கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறான். போன வருடத்து டைரியும் அப்படித்தான். தடித்த கறுப்பு மார்க்கர் வாங்கி அதில் எழுதுகிறேன். பக்கத்துக்குப் பத்து வரிதான் பிடிக்கிறது.

'அம்புக்குறிகள் அழிந்துவிட்டன, எந்தக் கூடைக்கு எந்த வழி என்று தெரியவில்லை' என்று பயணி நேற்று எழுதினான். தகரத்தில் அம்பு வடிவத்தை வெட்டியெடுத்து, அதை மரத்தில் வைத்து, ஓட்டைக்குள் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். பன்னிரண்டு மரம். நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்று சீலி பின்னாலேயே வந்தாள். முப்பத்திரண்டு வருடம் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டவனுக்கு அம்பு போடத் துணை வேண்டுமா? வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம் பெயின்ட் அப்பிக்கொண்டால் மரத்தில் ஈஷும் என்று, தகரத்தை அவ்வப்போது திருப்பிக் காய்ந்த பக்கத்தை வைத்து அடித்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஏப்ரல் 29, திங்கள்

மூன்று புள்ளி மூன்று! நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பம் "பராமரிப்பு பரவாயில்லை, ஓனர்தான் கொஞ்சம் கடுமை" என்று நான்கு கொடுத்திருக்கிறது. என் கடுமைக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். குறைத்துக்கொள்ளட்டும்.

மே 4, சனி

இன்று சேலம் பயணி எல்லை தாண்டிவிட்டான். சீலி படிக்கத் தயங்கினாள். படி என்றேன்.

"ஏழாம் கூடையிலிருந்து எட்டுக்குப் போகும் வழியில் அம்புக்குறி ஓடைப் பள்ளத்தைக் காட்டுகிறது. யாராவது விழுந்து வைப்பார்கள். அதை வரைந்தவர் முதலில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்."

படியைச் சொன்னான், செய்தேன். சங்கிலியைச் சொன்னான், செய்தேன். மைதானத்தைப் பற்றி எவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த உரிமை உண்டு. என் கண்ணைப் பற்றிப் பேச அவன் யார்? போய்ப் பார்த்தேன். அம்பு அம்பாகத்தான் இருக்கிறது, மஞ்சளாக, பளிச்சென்று. ஒரு கோட்டைக்கூட மாற்றப் போவதில்லை.

பதில் எழுதச் சொன்னேன்: "ஐயா, இந்தக் கண்ணால்தான் நான் மாநில அளவில் ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். உங்களைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்." சீலி வெகுநேரம் எதுவும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது போலும்.

மே 7, செவ்வாய்

ஏழாம் கூடையைத் தாண்டி நடந்தபோது ஏதோ நெஞ்சில் தட்டியது. பள்ளத்துப் பக்கம் போகும் வழியின் குறுக்கே, மரத்துக்கு மரம் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். ஊர் சுற்ற வருகிறவர்கள் குப்பையைக்கூட முடிச்சுப் போட்டு விட்டுப் போகிறார்கள். அவிழ்த்தெறிந்தேன்.

மே 8, புதன்

மறுபடியும் கட்டியிருந்தார்கள். மறுபடியும் அவிழ்த்தேன். எத்தனை தடவை கட்டுவார்கள், பார்க்கலாம்.

மே 13, திங்கள்

மூன்று புள்ளி நான்கு.

மே 18, சனி

கோடை விழாவின் முதல் கூட்டம். பதினொரு மணிக்குள் எண்பது டிக்கெட். எங்களிடம் அவ்வளவு தட்டு இல்லாமல் முறை வைத்துக் கொடுத்தோம்.

பன்னிரண்டு மணி இருக்கும், ஏழாம் கூடைப் பக்கம் ஒரு பெண்ணின் அலறல். ஓடினேன். அந்தப் பாதை என் காலுக்குத் தெரியும், நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். திருப்பூரிலிருந்து வந்த மேகலா என்ற பெண், முப்பது வயது இருக்கலாம். ஓடைப் பள்ளத்துக்குள் விழுந்திருந்தார். சத்தம் வந்த பக்கமாக இறங்கினேன். கையை நீட்டினார் போலிருக்கிறது, நான் பிடித்தது ஒரு வேர். "இந்தப் பக்கம் சார், இந்தப் பக்கம்" என்று அந்த வலியிலும் அவர்தான் எனக்கு வழி சொன்னார். கணுக்காலில் எலும்பு முறிந்திருக்கிறது. சேலத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

அவருடைய கணவர் போகும்போது, "அம்பு போட்ட பக்கம்தானே சார் போனோம்" என்றார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மே 19, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சீலி மட்டும் போனாள். அவள் போனதும் அந்த மரத்தடிக்குப் போனேன்.

கண்ணுக்கு ஒரு மஞ்சள் திட்டு. அதற்குமேல் ஒன்றும் இல்லை. விரலால் தடவினேன். பெயின்ட் தடிப்பாகக் காய்ந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் அகலமாகி, அப்புறம் குவிந்து, கூராக முடிந்தது. முனை பள்ளத்தின் பக்கம். மூன்று முறை தடவினேன். மூன்று முறையும் பள்ளத்தின் பக்கம்.

தகரத்தைத் திருப்பி வைத்தால் அம்பும் திரும்பிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. பெயின்ட் ஈஷக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

அந்தத் துணியைக் கட்டியவர் யார் என்பதும் அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. சீலியின் பழைய சேலை அது. அவிழ்க்கும்போது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 20, திங்கள்

சோமையா காலையிலேயே அழைத்தார். மூன்று புள்ளி ஐந்து. வாழ்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை 31-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கடைசியாகப் பார்ப்பார், மூன்றரை அப்படியே நின்றால் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து. பெண் விழுந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "அந்தம்மா எதுவும் எழுதாமப் பாத்துக்குங்க மாஸ்டர், மயிரிழையிலதான் நிக்கிது" என்றார்.

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. பதினைந்து நாள் முன்னாடியே சொன்ன அந்தச் சேலம் பயணி யார், எந்த ஊரில் இருப்பான், காலில் விழுவதா கையைப் பிடிப்பதா என்று இரண்டு நாளாக மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சோமையாவிடம் கேட்டேன். தேடிப் பார்த்தார். அப்படி ஒரு பெயரே இல்லை என்றார். படியைப் பற்றி? இல்லை. சங்கிலி, அம்பு? ஒருவரும் எழுதவில்லை.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சீலி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கத்தி நின்றது.

"நான்தாங்க" என்றாள். "ரெண்டு வருசமாச் சொல்றேன். படி ஆடுதுன்னேன், கண்ணைக் காட்டுங்கன்னேன். வீட்டுப் பேச்சுன்னு விட்டுட்டீங்க. மொகந் தெரியாதவன் சொன்னதும் மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனீங்க. சரி, அப்படியாச்சும் கேக்கட்டும்னு படிக்கற மாதிரி சொன்னேன்."

"அம்பை நீயே மாத்தியிருக்கலாமே?"

"மாத்தியிருக்கணும். நீங்க அவ்வளவு பெருமையா அடிச்சதை எப்படிங்க அழிக்கறதுன்னு துணியக் கட்டுனேன். அது என் தப்பு."

அவள் தப்பு என்று சொன்னதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள்மேல் அல்ல. தட்டில் இருந்த வெங்காயத்தை எடுத்து நான் நறுக்க ஆரம்பித்தேன். கையை வெட்டிக்கொள்வேன் என்று கத்தியைப் பிடுங்கிவிட்டாள்.

மே 21, செவ்வாய்

எட்டாம் கூடைப் பாதையை மூடி, அம்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டோம். மற்ற மரங்களில் திரும்பியிருந்தவற்றையும் மாற்றினோம். தகரத்தைச் சீலி பிடித்தாள்.

மே 23, வியாழன்

சேலத்தில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசு, என்னிடம் படித்தவர்களின் பிள்ளை வயசு இருக்கும். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் கால் பங்கு இருக்கிறது. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், இரண்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். சீலி அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மே 28, செவ்வாய்

திங்கட்கிழமையும் மூன்று புள்ளி ஐந்துதான்.

மேகலாவின் எண்ணை டிக்கெட் நோட்டிலிருந்து எடுத்துத் தரச் சீலியிடம் சொல்லி, அவருடன் பேசினேன். மாவுக்கட்டு போட்டிருக்கிறதாம், ஆறு வாரம். ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியானால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், எழுத வேண்டியது நியாயம் என்றேன்.

"இல்லைங்க சார், நான் ஒண்ணும் எழுத மாட்டேன். கை நீட்டுனப்பவே உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு புரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் எப்படிங்க எழுதறது, பாவமா இருக்குது" என்றார்.

நல்ல பெண். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரு நட்சத்திரம் போட்டவர்கள், அட்டைக்கடி என்று எழுதியவர்கள், திட்டுகிறார் என்று எழுதியவர்கள் ஒருவர்கூட என்னை இப்படிக் கீழே தள்ளியதில்லை. இரண்டு புள்ளி ஒன்பதில் நிமிர்ந்து நின்றேன். இந்தப் பாவத்தில் கிடைக்கும் மூன்றரையில் என்னால் நிற்க முடியாது.

மே 30, வியாழன்

மாலையில் சீலியை உட்கார வைத்தேன். கருத்து எழுத வேண்டும் என்றேன். யாருக்குப் பதில் என்று கேட்டாள். பதில் இல்லை, என் கருத்து, என் பெயரில் என்றேன். சொல்லச் சொல்லத் தட்டினாள்.

"மே 18 அன்று இங்கே ஒரு பெண் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அவர் வழி தவறவில்லை. அம்புக்குறி தவறாக இருந்தது. வரைந்தவன் நான். என் மனைவி எச்சரித்தாள், நான் கேட்கவில்லை. வழியை மறித்துத் துணி கட்டினாள், அதையும் நான் அவிழ்த்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் உங்களிடம் டிக்கெட் வாங்கினேன். இப்போது அம்பு சரியாக இருக்கிறது. மாசிலாமணி, நடத்துபவர்."

'கண் தெரியவில்லை' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. தட்டு என்றேன்.

முடித்துவிட்டு, "நாளைக்குக் காலைலதாங்க கடைசியாப் பாப்பாரு. கையெழுத்து ஆனதும் போட்டுக்கலாம். ஒரே ராத்திரி" என்றாள்.

"ஆனதுக்கு அப்புறம் போட்டா அதுக்குப் பேரு கருத்து இல்ல, சீலி."

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டாள். ஒன்று என்றேன். எழுதியதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினாள். படித்ததுதான் அங்கே இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே என் விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்து, "இதுதான் முதல் நட்சத்திரம், நீங்களே அழுத்துங்க" என்றாள். அழுத்தினேன்.

மே 31, வெள்ளி

மூன்று புள்ளி நான்கு. ஒன்பது மணி அடிக்கும் முன்னே சோமையா சொல்லிவிட்டார். வருத்தப்பட்டார், திட்டினார், மறுபடி வருத்தப்பட்டார். கூடாரக் கம்பெனிக்காரர்கள் இன்று மதியமே நிலத்தை அளந்து பார்க்க வருகிறார்களாம்.

இன்று மாலை ஆறு மணி வரை குத்தகை என் பெயரில் இருக்கிறது. அளக்க வருகிறவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வரட்டும் என்றேன். சீலி போய்க் கேட்டைத் திறந்தாள்.